கேரட் ஏத்த சொந்தமா டீசல் பிக்கப் எடுக்கலாமா?

கேள்வி: சார், கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர்ல கேரட், பீன்ஸ் போடுறோம். மேட்டுப்பாளையம் மண்டிக்கு வாடகை வண்டியிலதான் போகுது. வீட்டு நகையை அடகு வச்சு முன்பணம் கட்டி, மிச்சத்துக்கு 8 லட்சம் லோன் போட்டு பிக்கப் எடுக்கலாம்னு இருக்கேன். உலகத்துல எண்ணெய் குறைஞ்சுட்டே வருது, டீசல் எங்கயோ போயிடும்னு மாமா தடுக்கிறார். எடுக்கலாமா?

பதில்: தம்பி, மாமா சொல்றதுல விஷயம் இருக்கு. நம்ம நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெய்ல 85 சதவீதத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துதான் வருது. 1973ல அரபு நாடுங்க சப்ளையை கொஞ்சம்தான் குறைச்சாங்க, சில மாசத்துலயே விலை கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆயிடுச்சு.

ஆனா டீசல் விலை மட்டும் உங்களை கவுக்காது, கணக்கு போட்டு பாருங்க. மேட்டுப்பாளையம் போய் வர சுமாரா 70 கிலோமீட்டர், மலை ரோட்டுல லோடோட லிட்டருக்கு 10 கிலோமீட்டர் குடுத்தா 7 லிட்டர், லிட்டருக்கு 20 ரூபா ஏறினாலும் ஒரு நடைக்கு 140 ரூபாதான் கூட, ஒரு டன் ஏத்தினா கிலோவுக்கு 14 பைசா. அதை தாங்கிக்கலாம்.

எனக்கு பயமா இருக்கறது இஎம்ஐதான். 8 லட்சம், 10 சதவீதம், 5 வருஷம்னா மாசம் 17,000 கிட்ட வரும். நிஜமாவே எண்ணெய் தட்டுப்பாடு வந்தா நம்ம மலையில எல்லாம் ஒரே நேரத்துல அடி வாங்கும், டூரிஸ்ட் குறைவாங்க, அவங்களை நம்பி இருக்கற ஹோட்டலுக்கு காய் போகாது, அரிசி, சிலிண்டர் எல்லாம் கீழ இருந்து லாரியில ஏறி வரணும்ங்கறதால வீட்டுச் செலவு ஏறும், பொட்டாஷ் உரம் இறக்குமதி சரக்கு, காம்ப்ளக்ஸ் உரத்துக்கு வேண்டிய அம்மோனியா இயற்கை எரிவாயுல இருந்து வருது, அதனால உர மூட்டையும் ஏறும், ஆனா கேரட் விலையை மண்டிதானே சொல்லுது, நீங்க ஏத்த முடியாதே. பெட்ரோல் பங்க்ல டீசல் இல்லாம வண்டி நின்னாலும் இஎம்ஐ நிக்காது.

அதனால நகையை இதுக்கு தொடாதீங்க. உரம், விதைக்கு கிசான் கார்டு லோன் போடுங்க, ஒழுங்கா கட்டினா 4 சதவீதத்துக்கு விழும். ஆறு மாச வீட்டுச் செலவை தனியா பேங்க்ல போட்டு வைங்க, இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க தம்பி.

வண்டி வேணும்னே மனசு சொன்னா பக்கத்து தோட்டத்துக்காரங்க நாலு பேரை சேர்த்து பழைய வண்டி ஒண்ணு எடுங்க, ஆர்சி யார் பேர்ல, ரிப்பேருக்கு யாரு எவ்வளவுன்னு முன்னாடியே எழுதி கையெழுத்து வாங்கிடுங்க. தனியாத்தான் எடுப்பேன்னா, வருஷ இஎம்ஐ 2 லட்சத்து சொச்சத்தோட இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டி தகுதிச் சான்று), டயர் செலவை கூட்டி, இப்ப ஒரு லோடுக்கு குடுக்குற வாடகையில டீசல், டிரைவர் கூலி கழிச்சு வர்ற தொகையால வகுங்க. போன வருஷம் உங்க லோடு அத்தனை வந்திருக்கான்னு மண்டி சீட்டை எடுத்து எண்ணிப் பார்த்துட்டு எழுதுங்க, அப்புறம் மேல பேசலாம்.