இயாபெடஸ் என்ன செய்தார்? (கடிதமும் பதிலும்)

வணக்கம். என் மகன் கிரேக்கப் புராணக் கதைகளில் மூழ்கிக் கிடக்கிறான். புரோமிதியஸின் அப்பா யார் என்றான். இயாபெடஸ் என்று தேடிச் சொன்னேன். "அவர் என்ன செய்தார்?" என்றான். பதில் இல்லை. ஒன்றுமே செய்யாத ஒரு டைட்டனின் (மூத்த தலைமுறைக் கடவுள்) பெயரை ஏன் சனிக் கோளின் நிலவு ஒன்றுக்கும் ஒரு பழங்காலக் கடலுக்கும் வைத்தார்கள்? பைபிளில் வரும் யாப்பேத்துதான் இவரா? பிள்ளைகளுக்கு நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்களேன்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பையனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நானும் கொஞ்ச நாளாக இயாபெடஸ் நினைப்பாகவே இருக்கிறேன்.

யாப்பேத்து விஷயத்தை விடுங்கள். பெயர் ஒத்துப்போவதை வைத்து இரண்டு பேரை ஒருவராக்க முடியாது.

ஆனால் "ஒன்றுமே செய்யாத" என்று எப்படி எழுதினீர்கள்? நான்கு பிள்ளைகளைப் பெற்றவர். அட்லஸ் வானத்தைச் சுமக்கிறான். புரோமிதியஸைக் கட்டிப்போட்டு, கழுகு அவன் ஈரலைத் தின்கிறது. மெனோடியஸ் இடி விழுந்து போனான். எபிமீதியஸ், ஸியூஸ் அனுப்பிய பண்டோரா என்ற பெண்ணிடம் ஏமாந்தான். நால்வருமே கடவுள்களின் அரசன் ஸியூஸிடம் அடிபட்டவர்கள். அப்பனோ, ஹோமர் சொல்கிறபடி, வெயிலும் காற்றும் எட்டாத பாதாளத்தில், டைட்டன்களின் தலைவன் குரோனஸோடு உட்கார்ந்திருக்கிறார். இதைவிடப் பெரிய கதை என்ன வேண்டும் உங்களுக்கு?

சரி, நிலவு. 1671இல் பாரிஸில் வானியலாளர் காசினி அதைக் கண்டுபிடித்தார். சனிக்கு மேற்கே நிற்கும்போது தெரியும். கிழக்கே போனால் காணாமல் போய்விடும். 79 நாளுக்கு ஒரு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை. வேறொருவர் என்றால் தொலைநோக்கியைக் குறை சொல்லியிருப்பார். காசினி யோசித்தார்: அதன் ஒரு பாதி கறுப்பு, மறுபாதி வெளுப்பு, சனிக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. அதனால் மேற்கே நிற்கும்போது வெளுத்த பாதி நம் பக்கம், கிழக்கே போனால் கறுத்த பாதி. 1705இல், இன்னும் நல்ல தொலைநோக்கி கிடைத்த பிறகு, கிழக்கேயும் மங்கலாகப் பார்த்துவிட்டார். முப்பத்து நாலு வருஷம்! பின்னாளில் விண்கலங்கள் எடுத்த படங்களில் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பனி. காசினி சொன்னது அப்படியே இருந்தது. இதை அவனிடம் நிதானமாக, ஒரு உருண்டையில் பாதிக்கு மை பூசிச் சுற்றிக் காட்டிச் சொல்லுங்கள். பெயர் 1847இல் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் வைத்தது. சனிக் கோளின் ஆங்கிலப் பெயர் சாட்டர்ன், ரோமானியர்களுக்கு அவர்தான் குரோனஸ். குரோனஸோடு பிறந்தவர்களை ஹெர்ஷல் சுற்றி நிறுத்தினார், இயாபெடஸும் அதில் ஒருவர்.

கடலுக்கும் உறவுதான் காரணம். அட்லாண்டிக்கில் அட்லஸின் பெயர் இருக்கிறது. அதற்கு முன்னால் அங்கே இருந்து, நாற்பது கோடி வருஷங்களுக்கு முன்பே மூடிப்போன கடலுக்கு அப்பன் பெயர். ஸ்காட்லாந்து அந்தக் கடலின் ஒரு கரை, இங்கிலாந்து மறு கரை.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹெசியட் கடவுள்களின் பிறப்பைப் பாடிய தியோகனியை முதலில் நீங்கள் படியுங்கள். சில இடங்கள் ரத்தக்களரி. அவற்றைத் தள்ளிவிட்டு, மீதியை அவனுக்கு வாயால் சொல்லுங்கள்.