ஸ்வீடனில் அப்பா லீவு எடுத்தால் புரமோஷன் போய்விடுமா?

தம்பி, ஸ்டாக்ஹோம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, குழந்தை பிறக்கப் போகிறது, டீம் லீட் பதவிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், இந்த நேரத்தில் மாதக் கணக்கில் லீவு கேட்டால் நம் பெயரை அடித்துவிடுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் எடுங்கள். எங்கள் மேனேஜரே தன் காலண்டரில் மூன்றரை மணிக்குப் பிள்ளையைக் கூட்டி வரவேண்டும் என்று எல்லோரும் பார்க்கும்படி போட்டு வைத்திருக்கிறார், மீட்டிங் இழுத்தால் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒரு குழந்தைக்கு அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்து மொத்தம் 480 நாள். அதில் 90 நாள் உங்களுக்கென்றே ஒதுக்கியது, மனைவிக்கு மாற்றித் தர முடியாது. 1995-ஆம் ஆண்டின் பெற்றோர் விடுப்புச் சட்டப்படி, லீவைக் காரணம் காட்டிப் பதவி உயர்விலோ சம்பளத்திலோ உங்களைப் பின்தள்ளக் கூடாது. வராத நாளுக்குச் சம்பளம் தரமாட்டார்கள், அது சரி, லீவு என்றால் அப்படித்தான். ஆனால் "பாதி வருடம் இல்லையே" என்பதற்காகவே பதவியை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது.

சட்டம் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். லீவு எடுத்ததால்தான் பதவி இல்லை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், பேச்சில் உங்கள் பெயர் வராமலே போய்விடும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஒரு பெண் லீவில் இருந்தபோது வருடாந்திரச் சம்பளப் பேச்சுக்கு அவரைக் கூப்பிடவே இல்லை, யூனியன் தலையிட்ட பிறகுதான் சரிசெய்தார்கள். அதனால் முதலில் யூனியனில் சேருங்கள். லீவைக் குறைந்தது இரண்டு மாதம் முன்னால் சொல்லவேண்டும், அந்த மெயிலிலேயே, டீம் லீட் பதவிக்கு நானும் விண்ணப்பிக்கிறேன், லீவில் இருந்தாலும் நேர்காணலுக்கும் சம்பளப் பேச்சுக்கும் கூப்பிடுங்கள் என்று எழுதிவிடுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். மனைவியும் வேலைக்குப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கேள்வி முழுக்க உங்கள் புரமோஷனைப் பற்றித்தான் இருக்கிறது. நம்மாட்கள் பலர் 90 நாளைக்கூட முழுதாக எடுப்பதில்லை, மிச்சமெல்லாம் அம்மா தலையில், அப்புறம் அந்தப் பெண் ஏன் அதே பதவியில் நிற்கிறார் என்று கேட்பார்கள். அவருடைய ஆபீஸிலும் யாரோ இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். இருவரும் உட்கார்ந்து யாருக்கு எந்த மாதம் என்று பிரித்துவிட்டு அப்புறம் மேனேஜரிடம் போங்கள்.