டெங்கு தடுப்பூசி: நாலு வைரஸுக்கு ஒரே ஊசி – கேள்வி பதில்

ராஜேஷ்: சார், கொரோனாவுக்கு ஒரே வருஷத்தில் ஊசி வந்துவிட்டது. டெங்குவுக்கு மட்டும் ஏன் இப்படி இழுக்கிறது?

பதில்: டெங்கு ஒரு வைரஸ் இல்லை, நாலு வகை. ஒரு வகை வந்து போனால் அதற்கான எதிர்ப்பு ஏறக்குறைய ஆயுசுக்கும் நிற்கும். மற்ற மூன்றுக்கும் அரைகுறை எதிர்ப்புதான், ஆபத்தே அதில்தான். அரைகுறை ஆன்டிபாடி வைரஸைப் பிடிக்கும், ஆனால் முடக்காது. அந்த ஆன்டிபாடியின் வால்பகுதியைக் கண்டதும் மோனோசைட் என்கிற வெள்ளணு இரண்டையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். டெங்கு பெருகும் இடமே அந்த அணுதான். வேலியில் போன ஓணானை மடியில் விட்ட கதை! இரண்டாவது முறை வரும் டெங்கு கடுமையாவதற்கு முக்கியக் காரணம் இது. ஆகவே ஊசி நாலு வகையையும் சேர்த்துத் தடுக்க வேண்டும்.

ஷீலா: பிலிப்பைன்ஸில் டெங்கு ஊசியால் வந்த சிக்கல் இதுதானா?

பதில்: ஆமாம். சனோஃபி கம்பெனியின் டெங்வாக்சியா என்கிற டெங்கு ஊசி, ஆறு மாத இடைவெளியில் மூன்று டோஸ். 2016 ஏப்ரலில் பள்ளிகளில் தொடங்கி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டார்கள். முன்பு டெங்கு வராதவருக்கு இந்த ஊசி போட்டால், பின்னால் வரும் டெங்கு கடுமையாகலாம் என்று 2017 நவம்பரில் சனோஃபியே அறிவித்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஊசியே முதல் தொற்று மாதிரி ஆகிவிட்டது. அதற்கப்புறம், முதலில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்றார்கள். பள்ளி முகாமில் அது நடக்கிற காரியமா?

இளங்கோ: நாலையும் சம அளவில் கலந்தால் போதாதா அண்ணா?

பதில்: போதாது தம்பி. இவை வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ்கள். உடம்புக்குள் பெருகினால்தான் எதிர்ப்பு வரும். வேகமாகப் பெருகுவது மற்றதை அமுக்கிவிடும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் உருவாக்கிய டிவி003 கலவையில் நாலும் தலா ஆயிரம் அலகு. அதில் இரண்டாம் வகைக்கு எதிர்ப்பு குறைவாக வந்ததால், டிவி005இல் அதை மட்டும் பத்தாயிரமாக ஏற்றினார்கள்.

டிவி003ஐ ஒட்டி பிரேசிலின் புட்டான்டன் ஆய்வு நிறுவனம் செய்த ஒரே டோஸ் ஊசி, இரண்டு வருஷக் கணக்கில் 79.6 சதவீதப் பாதுகாப்பு தந்தது. பிரித்துப் பாருங்கள்: முதல் வகைக்கு 89.5, இரண்டாம் வகைக்கு 69.6. மூன்றும் நாலும்? பரிசோதனையில் இருந்த யாருக்கும் அப்போது அவை வரவே இல்லை, கணக்கே போட முடியவில்லை. மொத்த சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

நந்தினி: இந்தியாவில் நடக்கும் பரிசோதனைக்கு எதற்குப் பத்தாயிரம் பேர்?

பதில்: ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பனேசியா பயோடெக் கம்பெனியும் 2024 ஆகஸ்டில் ஹரியானாவின் ரோத்தக்கில் தொடங்கிய டெங்கிஆல் என்கிற டெங்கு ஊசியின் மூன்றாம் கட்டப் பரிசோதனையைக் கேட்கிறீர்கள். 10,335 பேர், இரண்டு வருஷக் கண்காணிப்பு. உதாரணத்துக்கு, ஊசி போடாத 5,000 பேரில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒருவருக்கு டெங்கு வருகிறது என்று வையுங்கள். 50 பேர். நாலாகப் பிரித்தால் வகைக்குப் பத்துப் பன்னிரண்டுதான். ஏதாவது ஒரு வகை அந்த வருஷம் ஊரில் சுற்றாவிட்டால் பூஜ்யம்.

ரஃபீக்: வைரஸின் மரபணுச் செய்தியை மட்டும் உடம்புக்குள் அனுப்பும் எம்ஆர்என்ஏ முறையில் செய்யலாமே?

பதில்: கொரோனா மரபணு வரிசை வெளியான இரண்டே மாதத்தில், 2020 மார்ச் 16இல், அந்த முறையில் செய்த முதல் கொரோனா ஊசி மனிதருக்குப் போட்டாயிற்று. டெங்குவில் தாமதம் தயாரிப்பில் இல்லை. அரைகுறை ஆன்டிபாடியை வரவழைத்தால் எம்ஆர்என்ஏவும் அதே குழியில்தான் விழும்.

கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்: டெங்கு இல்லை, வேறொரு ஊசி பற்றிச் சந்தேகம். தடுப்பூசி வைக்கும் ஐஎல்ஆர் குளிர்பெட்டியில் சூடு மைனஸுக்குப் போயிருந்தது. குழந்தைகளுக்கான பெண்டாவேலண்ட் (ஐந்து நோய்க்கான ஒரே ஊசி) குப்பிகளைப் போடலாமா சார்?

பதில்: கட்டியாக உறைந்ததை நீங்களே பார்த்திருந்தால் சோதனையே வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள் மேடம். சந்தேகம் மட்டும் என்றால் குலுக்கல் சோதனை. அதே கம்பெனி, அதே பேட்ச் குப்பி ஒன்றை ‘உறைந்தது’ என்று எழுதி ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் தானாக உருகட்டும். அதையும் சந்தேகக் குப்பியையும் ஒரே கையில் பிடித்து 10–15 விநாடி குலுக்கி, மேசையில் அசையாமல் அரை மணி நேரம் வரை வையுங்கள். உறைந்ததில், மருந்தில் கலந்திருக்கும் அலுமினிய உப்பு திரிதிரியாக இறங்கி, மேலே தண்ணீர் தெளியும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்திலோ அதைவிட வேகமாகவோ படிந்தால் போடக் கூடாது. மெதுவாகப் படிந்தால் போடலாம். வேறு பேட்ச் குப்பியோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனை செல்லாது.