எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ஓசூரில் வீடு: சரிவருமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியிலிருந்து பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டி முதல் கட்டத்துக்கு வேலை மாறி வருகிறீர்கள். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போக வேண்டும். மனைவி பி.எட். முடித்த ஆசிரியை. மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போகப்போகிறாள், மகனுக்கு நான்கு வயது. ஓசூரில் வீடு எடுத்தால் வாடகையும் மிச்சம், தமிழ்நாட்டிலேயே இருந்த மாதிரியும் ஆச்சு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அது சின்ன ஊர், பெங்களூரில் வேலை கிடைத்த பிறகு அங்கே ஏன் போய்க் கிடக்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

உங்கள் குடும்பத்துக்கு ஓசூர்தான் சரி என்பது என் கருத்து. வாடகையைக் கணக்குப் பார்த்து இதைச் சொல்லவில்லை. மகளின் பள்ளி, மனைவியின் வேலை, மகனின் முதல் வகுப்பு, மூன்றும் ஓசூரிலேயே நடக்கும்; அலுவலகம் போய்வர வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான், அதுவும் பாதி வாரம். வீட்டில் இரண்டு பேரும் தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிற குடும்பம் இதே கேள்வியைக் கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். தூங்குவதற்கு மட்டும் ஓசூர் என்று வருகிறவர்கள்தான் ஓரிரு வருடத்தில் அலுத்துப்போய் பெங்களூருக்குள் பொம்மனஹள்ளிப் பக்கம் வீடு தேடுகிறார்கள்.

முதலில் போக்குவரத்து. ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி சுமார் 8 கி.மீ.; எலக்ட்ரானிக் சிட்டி 20 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. பெங்களூரின் மையப் பேருந்து நிலையமான மெஜஸ்டிக் 40 கி.மீ. வரும். தூரத்தை மட்டும் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. காலை ஏழு மணிக்கு முன்னால் கிளம்பினால் முக்கால் மணி நேரத்தில் அலுவலக வாசலில் இருக்கலாம். எட்டரைக்குக் கிளம்பினால் அதே வழிக்கு ஒன்றேகால் மணி, சில நாள் ஒன்றரை மணி. இடிபடுகிற இடம் அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவுக்கும் நடுவில். சந்தாபுராவில் ஆனேக்கல் ரோடு வந்து சேர்கிறது, பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறும் நேரமும் அதுவேதான், சேலம் பக்கமிருந்து வருகிற லாரிகளும் அதே ரோட்டில்தான் வந்தாக வேண்டும். ஆகவே அலுவலகத்தில் நேரத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள முடியுமா என்று சேரும் முன்பே கேளுங்கள். ஏழரை முதல் மூன்றரை, நான்கு வரை உட்கார்ந்துவிட்டு மிச்ச வேலையை வீட்டில் முடிக்க விட்டால் ஓசூர் வாழ்க்கை சுகம். பத்து மணி முதல் ஏழு மணி கட்டாயம் என்றால் இரண்டு பக்கமும் நெரிசலில்தான் போய்வர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை தனிக் கதை. பெங்களூரில் இருக்கிற தமிழ்க்கூட்டம் பாதி ஊருக்குக் கிளம்பும் நேரம் அது. பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள் அலுவலகம் போகாமல் இருப்பதே உத்தமம்.

எலக்ட்ரானிக் சிட்டிக்கு நேர் பஸ் போதும். ஓசூரிலிருந்து பெங்களூர் போகிற தமிழக பஸ்கள் அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டியில் நிற்கும். அத்திப்பள்ளியிலிருந்து பி.எம்.டி.சி. நகரப் பேருந்துகள் உண்டு. 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் பாதை ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 16 நிலையங்கள். உங்கள் அலுவலகத்துக்கு அதனால் பெரிய லாபம் இல்லை, பொம்மசந்திராவில் இறங்கி ஏறுகிற நேரத்தில் பஸ்ஸே அலுவலகம் போய்ச் சேர்ந்துவிடும். பி.டி.எம். லேஅவுட், ஜெயநகர், சில்க் போர்டுப் பக்கம் வேலை மாறினால் அப்போது அது கைகொடுக்கும்: பொம்மசந்திராவரை பைக், அங்கிருந்து ரயில். ஒயிட்ஃபீல்டு, மாரத்தஹள்ளி, மான்யதா என்று மாறினால் ஓசூரை விட்டுவிடுங்கள். அத்திப்பள்ளி, சர்ஜாபூர், தொம்மசந்திரா, வர்த்தூர் வழி ஒயிட்ஃபீல்டு போகலாம் என்பார்கள். வரைபடத்தில் குறுக்கு வழியாகத்தான் தெரியும், காலை நேரத்தில் வர்த்தூரில் நின்றுவிடும். பெல்லந்தூர்ப் பக்கம் அலுவலகம் என்றால் மட்டும் ரயிலைப் பாருங்கள். ஓசூர் பெங்களூர் லைனில் ஆனேக்கல் ரோடு, ஹீலலிகே, கார்மேலாரம், பெல்லந்தூர் ரோடு நிலையங்கள் வரும், சீசன் டிக்கெட் மலிவு. காலை வண்டிகள் சொற்பம் என்பதால் ஒன்றை விட்டால் அன்றைக்கு பஸ்தான்.

அலுவலக கேப் இருக்கிறது என்று நம்பி வர வேண்டாம். பல கம்பெனிகள் கர்நாடக எல்லையோடு நிறுத்திவிடும், ஓசூருக்கு வண்டி உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் வாடகை டாக்சி பிடித்தாலும் அத்திப்பள்ளி வரை ஒரு கட்டணம். எல்லை தாண்டினால் வெளியூர்ப் பயணக் கணக்கு, பர்மிட் வரி எல்லாம் தலையில் விழும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். காவிரிப் பிரச்சினை சூடானால் கர்நாடகத்தில் பந்த் வரும். 2016 செப்டம்பரிலும் 2023 செப்டம்பரிலும் வந்தது. அந்த நாட்களில் தமிழக பஸ்கள் எல்லையை ஒட்டிய ஜூஜூவாடியோடு நின்றுவிடும், ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எல்லையை நடந்து தாண்டுவார்கள். பந்த் அறிவித்தவுடன் வீட்டிலிருந்தே வேலை என்று மேலதிகாரியிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியை அன்றைக்கு வெளியே எடுக்க வேண்டாம்.

இப்போது பள்ளி. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கர்நாடகத்தில் கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகப் படிப்பது 2015 சட்டப்படி கட்டாயம். முதல் வகுப்பிலேயே சேருகிற குழந்தைக்கு அது ஒரு பொருட்டே அல்ல, ஆறு மாதத்தில் பேசும். ஐந்தாம் வகுப்பில் எழுத்தே தெரியாமல் போய் உட்காருகிற பிள்ளைக்கு முதல் இரண்டு வருடம் கஷ்டம், தனி டியூஷன் வைத்தாக வேண்டும். ஓசூரில் அந்தச் சிக்கல் இல்லை, மாறுதல் சான்றிதழும் எமிஸ் எண்ணும் (தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் அடையாள எண்) கொடுத்தால் சேர்ந்துவிடலாம். வெளிமாநிலம் என்றால் மாறுதல் சான்றிதழில் கல்வி அலுவலர் மேலொப்பம் கேட்பார்கள், அதற்கு ஊரிலேயே அலைந்து வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

மகனுக்கு வேறு கணக்கு. தமிழ்நாட்டில் ஐந்து வயதில் முதல் வகுப்பு. கர்நாடகத்தில் ஆறு வயது நிறைய வேண்டும். ஓசூரில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு அடுத்த வருடமே பெங்களூருக்கு மாறினால் வயது உதைக்கும். எங்கே இருப்பது என்பதை அவன் யு.கே.ஜி. முடிக்கும் முன் தீர்மானித்துவிடுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். தொழிற்கல்விக்கான பொது நுழைவுத் தேர்வான கர்நாடக சி.இ.டி. வழியாக மாநில ஒதுக்கீட்டு இடம் வேண்டுமென்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யு.சி.க்குள் (நம் பன்னிரண்டாம் வகுப்பு) குறைந்தது ஏழு வருடம் அங்கே படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. உங்கள் மகள் ஐந்தாம் வகுப்பிலிருந்தே அங்கே படித்தால் அந்தக் கணக்கு சரியாகிவிடும். ஆனால் தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழை வைத்து கர்நாடகத்தில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் வந்து பிறகு தவிக்கிற பெற்றோர் நிறைய. ஓசூரில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தொடர்ந்து படித்தால் தமிழ்நாட்டுக் கல்லூரிச் சேர்க்கையில் அவளுக்கு எந்தக் கேள்வியும் வராது. உங்கள் மனைவி தமிழ்நாட்டு ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) எழுதியிருந்தால் அதற்கும் மதிப்பு எல்லைக்கு இந்தப் பக்கம்தான்.

வாடகை ஏறக்குறைய பாதி என்பது உண்மை. அந்த மிச்சம் முழுதாகக் கையில் நிற்காது. பெங்களூரில் குடியிருப்பவருக்கு, வாடகைதாரராக இருந்தாலும், கிரஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரம்புக்குள், அந்த வீட்டின் பழைய சராசரிக்குச் சற்று மேல் வரை மின்கட்டணம் இல்லாமல் ஓட்டிவிடலாம். தமிழ்நாட்டில் இலவசம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். அதையும் சில வீட்டுக்காரர்கள் தங்களிடமே வைத்துக்கொண்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள், தனி மீட்டர், தனி இணைப்பு எண் இருக்கிறதா என்று பார்த்துப் பேசுங்கள். பெண்களுக்கான இலவச பஸ் கர்நாடகத்தில் அந்த மாநில முகவரி உள்ளவர்களுக்கு மட்டும். கர்நாடகத் தொழில்வரி மாதம் 200 ரூபாய் (பிப்ரவரியில் மட்டும் 300), வேலை அங்கே என்பதால் நீங்கள் எங்கே குடியிருந்தாலும் பிடிப்பார்கள். காரில் போவதானால் அத்திப்பள்ளி சுங்கச்சாவடிக்கு மாதப் பாஸ் எடுக்க வேண்டும். ஒரு வரவு இருக்கிறது: குடியிருப்பு தமிழ்நாட்டிலேயே என்பதால் உங்கள் வண்டிக்கு மறுபதிவு வேண்டாம். பெங்களூரில் குடியேறினால் 12 மாதத்துக்கு மேல் பழைய எண்ணில் ஓட்டக் கூடாது. தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே மறுபடி ஆயுள்வரி கட்டி, பழைய வரியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம்; அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013-ல் திறந்தார்கள். வீடு பார்க்கும்போது ‘தண்ணி இருக்கா’ என்று கேட்டால் எல்லாரும் இருக்கு என்பார்கள். ஒகேனக்கல் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, அது தனித் தொட்டியில் நிற்கிறதா, போர் தண்ணீரோடு கலந்துவிடுகிறதா என்று கேளுங்கள். ஒரே தொட்டியில் இரண்டும் விழுகிற வீடுகள் ஏராளம். போர் தண்ணீர்தான் குடிக்க என்றால் காய்ச்சினால் போதும் என்று நினைக்க வேண்டாம், காய்ச்சினால் ஃபுளூரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் அதன் அளவு கூடத்தான் செய்யும். தண்ணீரில் கரைந்த உப்பை மொத்தமாகக் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டரிலும் அது தனியாகத் தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் காட்டினால் ஆர்.ஓ. இல்லாமல் குடிக்கக் கூடாது. நான்கு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் இது பல்லுக்கும் எலும்புக்குமான பிரச்சினை. கெலவரப்பள்ளி அணையை ஒட்டிய இடங்களையும் தவிர்த்துவிடுங்கள். பெங்களூரின் கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து அங்கேதான் வந்து நுரைக்கிறது.

எந்தப் பகுதி என்றால், எல்லைப் பக்கம் இருக்கிற ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி உங்கள் போக்குவரத்துக்கு வசதி, ஊருக்குள் நுழையாமலே நெடுஞ்சாலை ஏறிவிடலாம். சிப்காட் பக்கத்தில் என்பதால் லாரியும் தொழிற்சாலைச் சத்தமும் இருக்கும். பிள்ளைகளோடு அமைதியாக இருக்க மத்திகிரி, தளி ரோடு நல்லது. காலையில் ஊரைக் கடக்க இருபது நிமிடம் கூட வைத்துக்கொள்ள வேண்டும். அட்வான்ஸ் பத்து மாதம் கேட்டால் பேசிக் குறையுங்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், தனி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது.

சின்ன ஊர் என்ற பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 கணக்கெடுப்பில் லட்சத்துச் சொச்சம் பேர் இருந்த நகராட்சி, 2019-ல் மாநகராட்சி ஆனது. டி.வி.எஸ்., டைட்டன், அசோக் லேலண்ட் எல்லாம் இருக்கிற தொழில் நகரம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கடைத்தெருவில் ஓடும். வெயில் பெங்களூர் மாதிரிதான், திருநெல்வேலிக்காரருக்கு ஏ.சி. தேவைப்படாது. பெரிய இதய சிகிச்சைக்கு பொம்மசந்திராவில் நாராயண ஹிருதயாலயா, மூளை நரம்புக்கு நிம்ஹான்ஸ், இரண்டும் இதே ஓசூர் ரோட்டில். அப்பா அம்மா வந்து தங்குவதானால், அவர்களின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எந்த மருத்துவமனை ஏற்கும் என்று இப்போதே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குறை என்றால் சாயங்கால வாழ்க்கைதான். நல்ல நூலகம், நாடகம், கச்சேரி, பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சி என்று ஆசைப்பட்டால் பெங்களூர்தான் போக வேண்டும்.

தமிழ்ச் சூழலுக்காக மட்டும் ஓசூர் என்றால் அது தேவையே இல்லை. அல்சூர், ஆஸ்டின் டவுன், விவேக் நகர், ஸ்ரீராமபுரம் என்று தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்கிற ஊர் பெங்களூர். 1950-ல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச்சங்கம் அல்சூரில்தான் இருக்கிறது.

தரகர்கள் உங்களிடம் மனை விற்கப் பார்ப்பார்கள். விமான நிலையம் வருகிறது, மெட்ரோ வருகிறது என்பார்கள். ஓசூர் விமான நிலையம் 2024 ஜூனில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஆனால் பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலைய ஒப்பந்தப்படி 150 கி.மீ. சுற்றளவில் வேறு விமான நிலையத்துக்கு 2033 வரை தடை இருக்கிறது. பொம்மசந்திராவிலிருந்து மெட்ரோ நீட்டிப்பு பேச்சளவில்தான். முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். பிறகு வாங்குவதானால் நகரமைப்புத் துறையின் டி.டி.சி.பி. ஒப்புதல், ரியல் எஸ்டேட் ஆணையத்தின் ரெரா எண், முப்பது வருட வில்லங்கம், பட்டா நான்கும் கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு திங்கட்கிழமை காலை, பார்த்து வைத்த வீட்டு வாசலிலிருந்து எட்டு மணிக்கு பஸ் ஏறி அலுவலகம் போய்ப் பாருங்கள். அந்த வாரமே வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்குத் திரும்பியும் பாருங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், பாதி வாரம் உங்களுக்காகக் காத்திருக்கப் போவது அவர்தான்.