பொருளாசையிலிருந்து வெளியே வர, காணிக்கை கொடுப்பது உண்மையிலேயே உதவுமா?

பொருளாசை மனதைவிட்டுப் போன பிறகுதானே உற்சாகமாகக் கொடுக்க முடியும், அதற்கு முன் கொடுப்பது வெறும் வேஷமாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பல வருஷம் அப்படி நினைத்துக் காத்திருந்தேன். மனம் தானாக மாறவே இல்லை. கையைத் திறந்த பிறகுதான் மாறத் தொடங்கியது.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். அம்மா பீடி சுற்றித்தான் வீடு ஓடியது. அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் இருக்கும். உழக்கால் அரிசியை அளந்து, களைவதற்கு முன்பே அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவார்கள். ரேஷன் அரிசி தீரப்போகிற மாசக் கடைசியிலும் அந்தப் பிடி நிற்காது. சேர்ந்த அரிசியை எங்கள் சபைக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். அதை விற்று வரும் பணம் மிஷனரி ஊழியத்துக்குப் போகும். சாப்பிட்டு மிஞ்சிய சோற்றை யாருக்காவது கொடுப்பது எல்லா வீட்டிலும் உண்டு. அம்மாவின் பிடி அப்படியல்ல, உலைக்கு முன்பே எடுத்தது. எங்கள் ஐந்து பேரின் சோறு அன்றாடம் அந்த ஒரு பிடி குறைவாகத்தான் வெந்தது.

பிடியரிசியை நம் ஊர்ப் பழக்கம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-லிருந்து ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி எடுத்துவைக்கிறார்கள். சபை ஊழியத்தை அந்த அரிசியும் தாங்கியிருக்கிறது. திருநெல்வேலியில் 1903-ல் வே. ச. அசரியா முன்னின்று இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தியர்களின் பணத்திலேயே அது நடக்க வேண்டும் என்பது கொள்கை. பனையேறிகளும் கூலிக்காரர்களும் நிறைந்த சபைகள் சேர்த்த காணிக்கையில் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்கள் போனார்கள். பிறகு அசரியாவே அங்கே போனார், 1912-ல் அங்கே பேராயரும் ஆனார். அப்போஸ்தலன் பவுல் மக்கெதோனியா நாட்டுச் சபைகளைப் பற்றி எழுதும் 'கொடிய தரித்திரமுடையவர்களாயிருந்தும்' என்ற வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பக்கத்துக் கோயில்கள்தான் கண்ணில் நிற்கும்.

அந்த வீட்டில் வளர்ந்த நான் சென்னைக்கு வந்து, நல்ல சம்பளம் வாங்கி, கணக்கை மாற்றிக்கொண்டேன். தசமபாகம் கொடுத்தேன், ஆனால் வீட்டுக் கடன், இன்ஷூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்டு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சியதில் பத்தில் ஒன்று. சம்பளம் கூடக் கூட முதலீடும் கூடியதால், காணிக்கை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு நாள் மனைவி நான் கணக்கு எழுதிய தாளைப் பார்த்துவிட்டு, "அப்போ முதற்பலன் பேங்குக்குப் போகுது, ஆண்டவருக்குக் கழிவுதான் போகுது, இல்லையா?" என்று கேட்டாள். கோபப்பட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அம்மா களைவதற்கு முன் எடுத்தார்கள். நான் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் முதல், சம்பளம் ஏறுகிற நாளிலேயே மொத்தச் சம்பளத்தில் பத்தில் ஒன்று தனிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்தேன். முதல் மூன்று நான்கு மாதம் உற்சாகம் ஒன்றும் இல்லை, எரிச்சல்தான். படப்பைக்கு அந்தப் பக்கம் பார்த்துவைத்திருந்த மனையை விட வேண்டிவந்தது. அதை இழப்பாகவே உணர்ந்தேன், மறைக்க ஒன்றுமில்லை.

மாற்றம் வந்த விதம்தான் நான் எதிர்பார்க்காதது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி வட மாநிலம் ஒன்றில் மலைக்கிராமத்துப் பிள்ளைகளின் விடுதிக்குப் போனது. அதுவரை காலையில் எழுந்ததும் போனில் பங்குச்சந்தை பார்ப்பவன், ஒரு ஜூலை மாதம் அந்த மலையில் மழை எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடை பெருகினால் பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியாது என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். 'உங்கள் பொக்கிஷம் எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்' என்ற வசனத்தைச் சிறுவயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்கிறேன். அதில் பொக்கிஷம் முன்னால் போகிறது, இருதயம் பின்னால் போகிறது என்ற வரிசை அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் பிரசங்கமொன்றில் ஆக்ஸ்ஃபோர்டு வாலிபன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறார். அது அவரேதான் என்பார்கள். வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28-ல் வாழ்ந்து இரண்டைக் கொடுத்தான். வருமானம் 60, 90, 120 என்று ஏறியபோதும் அவன் செலவு 28-தான், மீதியெல்லாம் தர்மம். எனக்கு அந்த அளவு தைரியம் இல்லை. ஆனால் சம்பள உயர்வு வரும்போதெல்லாம் அதில் பாதி வீட்டுச் செலவுக்குள் வரக் கூடாது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். பத்தில் ஒன்றைவிட இது எனக்கு அதிகம் உதவியது. ஆசைக்குத் தீனி எப்போதும் புதிதாக வரும் பணத்திலிருந்துதான் போகிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விதைத்தால் நூறத்தனையாய் அறுப்பாய், கார் வரும், வீடு வரும் என்று சொல்லிக் காணிக்கை கேட்கும் பிரசங்கங்களை நம்பிக் கொடுக்காதீர்கள். அது பொருளாசைக்கே ஊக்கம் கொடுப்பது. பெற்றுக்கொள்ளத்தான் கொடுக்கிறோம் என்றால் அது வியாபாரம். அந்தப் பேச்சை நம்பி, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததைக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டிருக்கிற ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அதேபோல, பெற்றோரின் மருந்துச் செலவை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை ஆலயத்தில் போடுவதும் கூடாது. 'கொர்பான்', அதாவது இது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது மாற்கு 7-ல் இருக்கிறது. கைமாற்று வாங்கியிருந்தால் அதையும் முதலில் அடைத்துவிடுங்கள்.

பொருளாசை முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. புது போன் வந்தால் மனசு இன்னும் அதன் பின்னால் ஓடத்தான் செய்கிறது. ஆனால் முன்போல என்னை இழுத்துக்கொண்டு போவதில்லை.

எங்கள் சென்னைச் சபையில் பிடியரிசி வாங்கும் வழக்கம் இல்லை. ஆனாலும் மனைவி குக்கரில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடியை எவர்சில்வர் டப்பாவில் போடுகிறாள், இப்போது சின்னவனும் பிடி போடப் போட்டி போடுகிறான். மாதக் கடைசியில் அது ஒரு வீட்டுக்குப் போகிறது. எந்த வீடு என்று பிள்ளைகளுக்குக்கூட நாங்கள் சொன்னதில்லை.