கோபேயின் சுவாயாமா பூங்கா: முழங்கால் வலியுள்ள தாயாருடன் செல்வது எப்படி?

கேள்வி: என் கணவரின் பணி நிமித்தம் ஜப்பானின் கோபே நகரில் வசிக்கிறோம். வீட்டிற்கு அருகே சுவாயாமா என்ற மலைச்சரிவுப் பூங்கா இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவுக்கு வயது 68, முழங்கால் வலி உண்டு. அவரை அங்கே அழைத்துச் செல்லலாமா? காட்டுப்பன்றிகள் வரும் என்கிறார்களே?

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் உச்சிவரை போக வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இப்பூங்கா ஒரே சமதளத்தில் அமைந்ததன்று. அடிவாரத்தில் குழந்தைகள் விளையாடும் திடலும், நடுவே கின்செய்தாய் எனப்படும் மேடையும், அதற்கும் மேலே சுமார் 160 மீட்டர் உயரத்தில் எட்டு வடிவில் வளைந்து செல்லும் வீனஸ் பாலமும் இருக்கின்றன. நகரத்தின் இரவுக்காட்சிக்காகப் பயணிகள் பாலத்தைத் தேடிப் போகிறார்கள். தங்கள் தாயாருக்கு நடு மேடையே போதும். என் கருத்தில், இப்பூங்காவின் சிறந்த பகுதியும் அதுதான்.

கின்செய்தாய் என்றால் வெள்ளிக் கோளின் மேடை என்று பொருள். 1874 டிசம்பர் 9 அன்று சூரியனின் முகத்தைக் கடந்து சென்ற வெள்ளிக் கோளைப் பிரெஞ்சு வானியல் குழுவினர் இங்கிருந்துதான் நோக்கினார்கள். அவர்களோடு பணியாற்றிய ஜப்பானியரான ஷிமிசு மகோதோ, பின்னாளில் தம் நாட்டில் தீப்பெட்டித் தொழிலுக்கு அடித்தளமிட்டவர். அந்நிகழ்வின் நினைவுக்கல் இன்றும் மேடையில் நிற்கிறது. கல்லின் அருகே அமர்ந்து, தெற்கே துறைமுகம் வரை விரியும் நகரத்தைத் தாயாருக்குக் காட்டுங்கள். அடுத்த முறை வெள்ளி இவ்வாறு சூரியனைக் கடக்கப்போவது 2117-இல்தான் என்பதையும் சொல்லுங்கள்.

அடிவாரம் வரை நடக்க வேண்டாம். நகரப் பேருந்து எண் 7, பூங்காவின் கீழேயே நிற்கும். அங்கிருந்து மேடைக்குப் படியேற வேண்டும். முழங்கால் வலியுள்ளவர்கள் ஏற்றத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள்; உண்மையில் மூட்டின் மீது அதிகச் சுமை விழுவது இறக்கத்தில்தான். ஆகவே, எவ்வளவு தூரம் ஏற முடியும் என்று கணக்கிடாமல், எவ்வளவு தூரம் வலியின்றி இறங்க முடியும் என்பதை வைத்து எல்லையைத் தீர்மானியுங்கள். ஏறும்போது வலியில்லாத காலையும், இறங்கும்போது வலியுள்ள காலையும் முதலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கைத்தடி உதவும். புடவை உடுத்துபவராயின் கொசுவத்தைச் சற்று உயர்த்திக் கட்டி, செருப்புக்குப் பதிலாகப் பிடிமானமுள்ள காலணி அணிவது நல்லது.

காட்டுப்பன்றிகள் வருவது உண்மையே. ரொக்கோ மலைத்தொடரின் காடு நகரத்தின் கடைசித் தெருவை ஒட்டியே தொடங்குவதால் அவை இறங்கி வருகின்றன. உணவு கொடுத்துப் பழக்கியவர்களால்தான் மனிதரைக் கண்டு அஞ்சாமல் போயின. அதனால் அவற்றுக்குத் தீனி போடுவதை மாநகரம் சட்டத்தால் தடைசெய்திருக்கிறது. பிளாஸ்டிக் பையைக் கண்டாலே அதில் தின்பண்டம் இருக்கும் என்று அவை நெருங்கிவரக்கூடும். எனவே முறுக்கோ பழமோ எடுத்துப்போனால், கையில் தொங்கவிடாமல் முதுகுப்பையில் வைத்து மூடுங்கள். எதிர்ப்பட்டால் கத்தவோ ஓடவோ வேண்டாம்; முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்கினால் போதும். ஜப்பானியப் பூங்காக்களில் குப்பைத்தொட்டிகள் அரிது. தோலையும் காகிதத்தையும் வீட்டுக்கே திரும்பக் கொண்டுவருவதுதான் வழக்கம்.

காலை வேளையே உகந்தது. இம்மலையில் நாள்தோறும் ஏறுவதைப் பல தலைமுறைகளாக வழக்கமாகக் கொண்ட முதியவர்கள் கோபேயில் இருக்கிறார்கள். எதிரே வருபவர்கள் ‘ஒஹாயோ கொசாய்மாசு’ என்று வணக்கம் சொல்வார்கள். தாயாருக்கும் அந்த ஒரு சொற்றொடரைக் கற்றுக்கொடுங்கள். மொழி தெரியாத ஊரில் பகலெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் ஒருவருக்கு அந்த வணக்கம் எவ்வளவு ஆறுதல் தரும் என்பதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் கடுமையாக இருக்கும்.

ஜூன், ஜூலை மழைக்காலத்தில் மட்டும் பயணத்தைத் தள்ளிவையுங்கள். இம்மலை சிதைந்து மணலாகிவரும் கருங்கல்லால் ஆனது. பெருமழையில் அந்த மணல் எளிதில் சரியும். 1938 ஜூலையில் இந்நகரத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் மண்ணும் பாறையும் மலையிலிருந்தே இறங்கி வந்தன. மழை விட்ட மறுநாளும் படிகள் வழுக்கும். இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு போங்கள்.