ஆட்டோகேட் திறக்க மூன்று நிமிடம் ஆகிறது, புது லேப்டாப் வாங்கிவிடலாமா?

காசை இறக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கேள்வியில் ஒரு வரியை நான் இரண்டு தடவை படித்தேன்: "ஆபீசில் சட்டென்று திறக்கிறது, பட்டர்வொர்த் வீட்டில்தான் இழுக்கிறது." அதே லேப்டாப், டிராயிங் போடும் மென்பொருளும் அதே ஆட்டோகேட். இடம் மாறினால் வேகமும் மாறுகிறது என்றால் பிராசசர் மேல் பழி போட முடியாது.

நானும் இதில் பட்டவன்தான். பினாங்கில் கட்டடங்களுக்கு மின்வேலை டிராயிங் போடுகிறேன். ஜார்ஜ்டவுனில் இருந்த எங்கள் ஆபீஸ் பாயான் லெப்பாசுக்கு மாறிய வாரத்திலிருந்து, காலையில் ஆட்டோகேட்டைத் தட்டிவிட்டுக் கீழே போய் கோப்பி ஓ வாங்கிக்கொண்டு வந்தாலும் முகப்புப் படம் அப்படியே நிற்கும். முதலாளி பாவம், 8 ஜிபி ரேமை 16 ஆக்கித் தந்தார். ஒரு விநாடி குறையவில்லை.

பிறகு ஒருநாள் டாஸ்க் மேனேஜரைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அந்த மூன்று நிமிடமும் சிபியு சும்மா இருந்தது, டிஸ்க்கும் சும்மா இருந்தது. வேலை செய்து திணறும் கணினி அப்படி இருக்காது. யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்தது.

யாருக்காக? ஆட்டோகேட்டின் ஆப்ஷன்ஸ் போய் ஃபைல்ஸ் பக்கத்தைத் திறந்தால் பதில் கிடைத்தது. சப்போர்ட் ஃபைல், பிரிண்டர் சப்போர்ட், டெம்ப்ளேட் என்று, ஃபைல்களை எங்கே தேட வேண்டும் என்று காட்டும் வழிகள் (பாத்) வரிசையாக இருந்தன. பாதிக்கு மேல் பழைய ஆபீஸ் சர்வரின் பெயரில். சர்வரைக் கழற்றி மாதக்கணக்காகிவிட்டது. ஆட்டோகேட்டுக்கு அது தெரியுமா? ஒவ்வொரு வழியாகத் தட்டிப் பார்த்து, பதில் வராமல் அலுத்துப்போய்த்தான் அடுத்ததற்கு நகரும். உங்கள் வீட்டிலும் அதே கதையாகத்தான் இருக்கும், ஆபீஸ் சர்வர் அங்கிருந்து எட்டாதே. வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். வேகமாகத் திறந்தால் கோளாறு நெட்வொர்க் பக்கம்தான். இல்லாத வழிகளை நீக்குங்கள். அதற்கு முன், இந்த அமைப்புகளைத் தொகுப்பாக வைத்திருக்கும் புரொஃபைல்ஸ் பக்கத்தில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆபீசில் தேவைப்படும் வழிகள் என்றால் வீட்டுக்கென்று தனி புரொஃபைல் வைப்பது நல்லது.

அடுத்தது பிரிண்டர். திறக்கும்போது டிஃபால்ட் பிரிண்டரையும் ஆட்டோகேட் தேடும். எங்கள் ஆபீசில் எப்போதோ பழைய இரும்புக்குப் போன பிளாட்டர் என்ற பெரிய டிராயிங் பிரிண்டர்தான் இன்னமும் டிஃபால்ட்டாக உட்கார்ந்திருந்தது! விண்டோசிலும் ஆட்டோகேட்டிலும் டிஃபால்ட்டை பிடிஎஃப் பிரிண்டருக்கு மாற்றினேன். இந்த இரண்டோடு மூன்று நிமிடம் இருபது சொச்சம் விநாடிக்கு வந்துவிட்டது.

மற்றவை சில்லறை. இன்டர்நெட் லைன் மெதுவானது என்றால் ஆட்டோகேட்டின் கட்டளை வரியில் ஸ்டார்ட்மோட் என்று தட்டி 0 கொடுங்கள், திறந்ததும் வரும் ஸ்டார்ட் பக்கம் வராது. ஆப்லோட் கட்டளையில் ஸ்டார்ட்டப் சூட்டைத் திறந்து, யாரோ எப்போதோ சேர்த்துவிட்ட, ஆட்டோகேட்டோடு தானாக ஏறும் குட்டி நிரல்களான லிஸ்ப்களைக் கழியுங்கள். டிராயிங் ஃபோல்டரில் நீங்கள் வைக்காத லிஸ்ப் ஃபைல் கிடந்தால் விளையாட்டாக எடுக்காதீர்கள். 2012இல் பிடிபட்ட மெட்ரே என்ற வைரஸ் அப்படி ஒட்டிக்கொண்டுதான் டிராயிங்குகளை வெளியே அனுப்பியது. ஆன்டிவைரசை அணைத்தால் வேகம் வரும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

உங்கள் லேப்டாப்பில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அதை மட்டும் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், அந்தச் செலவு வீண் போகாது. விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் இருக்கும், ஆட்டோகேட்டை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் ரீசெட்டைக் கடைசியாகவே தொடுங்கள். நான் அவசரப்பட்டு அமுக்கி, நாலு வருடமாகச் சேர்த்த டூல்பார் அமைப்பை ஒரே நொடியில் இழந்தேன்.